துணியில் இலையச்சு: சென்னைத் தெருமரங்களில் இலை தேர்வதும் பக்குவம் செய்வதும்

இலைகளைத் துணியில் பரப்பி, இறுக்கிச் சுருட்டி, ஆவியில் வேகவைத்து, அவற்றின் வடிவத்தையும் நிறத்தையும் துணியில் பதிப்பதே இலையச்சு. அதற்கு இலை தேடுபவர் முதலில் மறக்க வேண்டியது இலையின் பச்சை நிறத்தை. பச்சையம் துணி இழையைப் பற்றிக்கொள்ளும் சாயமன்று. ஆவியில் வெந்ததும் பழுப்பேறிவிடும், எஞ்சியதும் சில அலசல்களிலும் வெயிலிலும் போய்விடும். அச்சாக நிலைத்து நிற்பவை இலைக்குள் இருக்கும் டேனின் என்னும் துவர்ப்புப் பொருளும், சில இலைகளில் அதனுடன் சேர்ந்திருக்கும் மஞ்சள், சிவப்புச் சாயங்களுமே. டேனின் இரும்பைச் சந்திக்கும்போது சாம்பல், கருநீலம், கரும்பச்சை ஆகிய நிறங்கள் பிறக்கின்றன. மஞ்சள் சாயங்கள், சாயத்தை இழையோடு பிணைக்கும் படிகாரத்தின் துணையோடு தெளிவாகப் பதிகின்றன. பளபளவென்று பசுமையாக இருக்கும் இலை வெற்றுத் துணியைத் தருவதும், தெருவில் காய்ந்து கிடக்கும் சருகு நரம்பு நரம்பாகப் பதிவதும் இதனால்தான்.

துவர்ப்பை நாக்கால் அறிந்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தேர்வில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. கடுக்காய், கொய்யாப் பிஞ்சு, மாதுளைத் தோல், நாவற்பழம் எனத் துவர்க்கும் காய்கனிகளைத் தரும் மரங்களின் இலைகளிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டின் பழைய தோல் பதனிடும் தொழில் ஆவாரம்பட்டையை நம்பி நடந்ததும் இதே பொருளுக்காகத்தான். தோலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்ளும் டேனின், பட்டில் உள்ள புரதத்தையும் பற்றிக்கொள்கிறது. ஆனால் பெயர் தெரியாத இலையை மென்று சுவை பார்ப்பது ஆபத்து. அதற்கு வேறு சோதனை இருக்கிறது.

அன்னபேதிச் சோதனை

அன்னபேதி என்பது இரும்பு சல்பேட்டு. வெளிர்பச்சைப் படிகமாக நாட்டு மருந்துக் கடைகளிலும், பாரிமுனைப் பக்கத்து ரசாயனக் கடைகளிலும் கேட்டு வாங்கலாம். பழுப்பேறிய தூள் காற்றுப்பட்டு மாறிய சரக்கு என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. ஒரு கிராம் அளவை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். சோதிக்க வேண்டிய இலையைப் பொடியாக நறுக்கி, கையளவு எடுத்துக் கொதிநீரில் கால் மணி நேரம் மூடி வைத்து, வடித்த நீரில் அன்னபேதிக் கரைசலைச் சில சொட்டுகள் விட வேண்டும். நீர் எழுதும் மைபோல் கறுத்தால் அந்த இலை அச்சுக்கு மிகவும் ஏற்றது. கருநீலச் சாயலும் கரும்பச்சைச் சாயலும் இலைக்கு இலை மாறுபடும், அவற்றைக் குறித்து வைத்துக்கொண்டால் துணியில் வரப்போகும் நிறத்தை ஓரளவு முன்பே சொல்லிவிடலாம். லேசான சாம்பல் நிறம் வந்தால் மங்கலான அச்சு வரும். நிறம் மாறவே இல்லையென்றால் அந்த இலை தானாகப் பதியாது. அதற்கும் ஒரு பயன் உண்டு, பின்னால் பார்ப்போம்.

இந்தச் சோதனைக்கும் அதன்பின் வரும் எல்லா வேலைக்கும் சமையலுக்குப் பயன்படுத்தாத எவர்சில்வர் பாத்திரங்களை ஒதுக்கி வைப்பது கட்டாயம். அன்னபேதி குழந்தைகள் வாயில் போனால் நஞ்சு. பெயர் எழுதிய மூடிய புட்டியில், எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

எந்த மரம்

சென்னையில் இலையச்சு பழகுபவருக்கு நாட்டு வாதுமைதான் முதல் மரம் என்பது என் கருத்து. வாதாங்கொட்டை மரம், பாதாம் மரம் என்று அழைக்கப்படும் இது, அடுக்கடுக்காகக் கிளை விரித்துக் கடற்கரையோரக் குடியிருப்புகளிலும் பள்ளி வளாகங்களிலும் எங்கும் நிற்கிறது. இலை அகலமானது, நரம்பு தெளிவானது, டேனின் நிறைந்தது. உதிர்வதற்கு முன் செம்பு நிறமாகவும் கருஞ்சிவப்பாகவும் மாறுவதால், பறிக்கவே வேண்டியதில்லை, பொறுக்கினால் போதும். கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு இந்த இலை நன்கு தெரிந்த சரக்கு; சண்டை மீன் தொட்டியில் காய்ந்த இலையைப் போட்டால் நீர் தேநீர் நிறமாவது டேனின் இறங்குவதால்தான். பச்சை இலை, சிவந்த இலை, காய்ந்த சருகு ஆகிய மூன்றும் மூன்று விதமாகப் பதியும் என்பதால், இந்த ஒரு மரத்தையே வைத்துக்கொண்டு நெடுநாள் பழகலாம். சிவந்த இலையின் சிவப்பு அப்படியே துணியில் வந்துவிடாது. இரும்பு பட்ட இடம் கரும்சாம்பலாகவும் மற்ற இடம் தேன் மஞ்சளாகவும் நிற்கும்.

அடுத்தது தேக்கு. தளிரைக் கசக்கினால் விரல் சிவப்பது ஊரில் வளர்ந்தவர்கள் எல்லாரும் அறிந்தது. அந்தச் சிவப்பு தளிரிலும் இளம் இலையிலும்தான் இருக்கிறது. முற்றிய இலையில் பழுப்பே மிஞ்சும். படிகார நீரில் ஊறிய பட்டில் தேக்குத் தளிர் ஊதாவும் செம்மையும் கலந்த அச்சைத் தரும், இரும்பு சேர்ந்தால் அது கரிய ஊதாவாகும். முன்கோடையில் இலை உதிர்த்து நிற்கும் மரம் மழை கண்டதும் தளிர்க்கும் என்பதால், அந்தக் காலத்தைத் தவறவிடாமல் இருக்க வேண்டும். தேக்கிலையின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அதைச் சமன் செய்யும் வழி பின்னால் வருகிறது.

கொய்யா இலை சிறியதானாலும் நம்பகமானது. அதன் அடிப்புறத்து இணை நரம்புகள் இரும்பில் தெளிவான கோடுகளாக விழும். மாதுளை இலையும் நாவல் இலையும் அப்படியே. ஆமணக்கு இலை பெரிய கைபோல் விரிந்து அழகான வடிவம் தரும், காலிமனைகள் எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் விதை கொடிய நஞ்சு என்பதால் காய்க்குலையை விட்டுவிட்டு இலையை மட்டும், கையுறை அணிந்து எடுக்க வேண்டும். ரோஜாச் செடி வைத்திருப்பவர்கள் பூவை விட்டுவிட்டு இலையைச் சோதித்துப் பார்க்கலாம். அச்சுக்கு இலையே மேல். தைலமர இலை கம்பளியிலும் பட்டிலும், மரத்தின் வகையைப் பொறுத்து, படிகாரமோ இரும்போ இல்லாமலே ஆரஞ்சு நிறத்தைத் தரக்கூடியது. பருத்தியில் அந்த நிறத்தை எதிர்பார்க்கக் கூடாது.

இனி, சோதனையில் தோற்ற இலைகள். அரசிலையின் வடிவத்தை விரும்பாதவர் இல்லை. வேப்பிலைக் கொத்தும் பெரணியும் கண்ணுக்கு இனியவை. இவை தாமாக ஆழ்ந்து பதிவது அரிது என்பதால், பலர் ஏமாந்து கைவிட்டுவிடுகிறார்கள். கடுக்காய்ப் பொடி கரைத்த நீரில் ஊறவைத்து உலர்த்திய துணியின்மேல் இவற்றைப் பரப்பி, அதன்மேல் அன்னபேதி நீரில் நனைத்துப் பிழிந்த பழைய பருத்தித் துணியைப் போர்த்திச் சுருட்டினால், இலை இல்லாத இடமெல்லாம் இரும்பு பட்டுக் கறுத்து, இலை மறைத்த இடம் மட்டும் வெளுப்பாகத் தங்கிவிடும். கரும்சாம்பல் வெளியில் வெண்ணிற அரசிலை கிடைக்கும் இந்த முறையை, டேனின் குறைந்த எல்லா இலைக்கும் பயன்படுத்தலாம்.

மலர்களில் செண்டுமல்லி எனப்படும் துலுக்கச் சாமந்தியை மட்டும் தயங்காமல் பரிந்துரைப்பேன். கோயம்பேடு பூச்சந்தையில் மலிவாகக் கிடைக்கும். ஆயுத பூசைக்கு மறுநாள் கழற்றிப் போடும் மாலைகளே ஓர் ஆண்டுக்குப் போதும். இதழ்களைப் பிய்த்துத் தூவினால் படிகாரத் துணியில் பொன்மஞ்சளும், இரும்பு பட்ட இடத்தில் ஆலிவ் பச்சையும் கிடைக்கும். ஆரஞ்சு நிறக் காஸ்மோஸ் பூ அதற்கு இணையானது, தொட்டியிலேயே வளரும். பெரிய வெங்காயத்தின் தோலையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்கலாம். செம்பருத்தி, சங்குப்பூ, பீட்ரூட் ஆகியவற்றைச் சிலர் மிகவும் புகழ்கிறார்கள். முதல் நாள் நீலமும் ஊதாவுமாக மயக்குபவை இவை, சோப்பின் காரமும் வெயிலும் பட்டதும் மாறி மங்கிவிடும். உடுத்தும் துணிக்கு இவை வேண்டாம். மஞ்சள்கிழங்கும் வெயிலில் வெளுப்பதே.

ஒதுக்க வேண்டியவற்றைச் சொல்லிவிட வேண்டும். அரளி, பொன்னரளி, ஊமத்தை, கள்ளி, எருக்கு ஆகியவற்றைப் பானையில் இடவே கூடாது; மூடிய சமையலறையில் இவற்றின் ஆவியைச் சுவாசிப்பது விளையாட்டன்று, எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணுக்குக் கேடு. பார்த்தீனியம் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். அடையாளம் உறுதியாகாத செடி எதையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுவதே அறிவுடைமை.

பறிப்பதும் பொறுக்குவதும்

கிண்டி தேசியப் பூங்காவிலும், செம்மொழிப் பூங்கா போன்ற அரசுப் பூங்காக்களிலும், அனுமதியில்லாத வளாகங்களிலும் கை வைக்கக் கூடாது. அதற்கு அவசியமும் இல்லை. அதிகாலையில் தெரு பெருக்கப்படுவதற்கு முன் நடந்தால் உதிர்ந்த இலை வேண்டிய அளவு கிடைக்கும். மழைக்காலத்துக்கு முன்பு மின்கம்பிகளில் உரசும் கிளைகளை மின்வாரியத்தினர் கழிக்கும்போதும், புயலுக்குப் பின்பும், நல்ல பச்சைக் கிளைகள் தெருவோரம் குவிந்து கிடக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் கடந்தபின் நகரின் தெருக்களெல்லாம் மரங்களாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அதன் அளவு புரியும். பறிக்கத்தான் வேண்டுமென்றால், வீட்டுக்காரரைக் கேட்டு, ஒரு கிளைக்கு இரண்டு மூன்று இலைக்கு மேல் எடுக்காமல், கத்தரியால் காம்போடு வெட்டுவது மரத்துக்கும் நல்லது, இலைக்கும் நல்லது.

வடகிழக்குப் பருவமழையின் நடுவில் பறித்த இலையில் நீர்ச்சத்து மிகுந்திருக்கும். ஆவியில் அந்த நீர் வெளியேறிச் சாயத்தைக் கலைத்து, விளிம்பு கரைந்த அச்சைத் தரும். மழை விட்டு ஓரிரு வெயில் நாள் கழித்துப் பறிப்பதே சரி. பறித்த உடனே பயன்படுத்துவதைவிட, ஒரு பழைய செய்தித்தாளுக்குள் ஓரிரவு வைத்துச் சற்று வாடவிட்ட இலை துணியோடு நன்றாக ஒட்டும். தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, மயிற்கொன்றை போன்ற கூட்டிலைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. வாடினால் சிற்றிலைகள் உதிர்ந்துவிடும் என்பதால் அவற்றை அன்றே பயன்படுத்த வேண்டும்.

பெரிய சாலையோர மரத்தின் இலையில் புகையும் தூசியும், கடலோர மரத்தின் இலையில் உப்பும் படிந்திருக்கும். இவற்றைக் கழுவாமல் விட்டால் துணியில் காரணம் தெரியாத கறைகளாக வரும். கழுவும் நீரையும் கவனிக்க வேண்டும். வாளியின் உட்புறம் செங்காவி படியும் ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருக்கிறது. அதில் நனைந்த டேனின் இலை, நீங்கள் கேளாமலே கறுக்கத் தொடங்கிவிடும், செண்டுமல்லியின் மஞ்சளும் அழுக்கேறும். மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ போதும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீர் மூலநீரைவிடவும் உப்பு மிகுந்தது. அதை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

இலையைப் பக்குவம் செய்தல்

எல்லா இலைக்கும் ஒரே பக்குவம் என்று நினைப்பதுதான் பெரும்பாலான மங்கிய அச்சுகளுக்குக் காரணம். மெல்லிய இளம் இலையைத் துடைத்தால் போதும், மேலும் எதுவும் செய்ய வேண்டாம். தடித்த, மெழுகு பூசியது போன்ற தோலுடைய இலைகளைத் திறந்துவிட வேண்டும்: சூடான நீரில், ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, அரை மணி நேரம் ஊறவைத்து எடுத்து, இரண்டு பழைய துணிகளுக்கு நடுவே வைத்துச் சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டினால், நடுநரம்பு தட்டையாகி, மேல்தோல் நுண்ணிதாக விரிந்து, உள்ளிருக்கும் சாறு வெளிவர வழி கிடைக்கும். நசுங்கும் அளவுக்கு உருட்டினால் சாறு அங்கேயே போய்விடும். வாதுமை, தேக்கு போன்றவற்றின் பருத்த நடுநரம்பை முதுகுப்புறத்தில் கத்தியால் சீவிவிடுவது நல்லது. சீவாவிட்டால் சுருட்டும்போது அது துணியைத் தூக்கிப் பிடித்து, இருபுறமும் வெற்றிடக் கோடுகளை உண்டாக்கும். தேக்கின் சொரசொரப்புக்கும் இந்த உருட்டலே மருந்து.

காய்ந்த சருகுக்கு வேண்டியது பொறுமை. வெதுவெதுப்பான நீரில் ஓரிரவு ஊறவிட்டால் அது மடியாமல் விரியும். ஊறிய நீரைக் கொட்டிவிடக் கூடாது; அதில் இறங்கிய டேனின், அடுத்த துணிக்குப் பின்னணி நிறம் ஏற்ற உதவும். இன்னொரு வழி உறைவிப்பான். இலைக்குள் இருக்கும் நீர் உறையும்போது செல்சுவர்கள் கிழிகின்றன, உருகும்போது சாயம் எளிதாக வெளிவருகிறது. தேக்குத் தளிரையும் பூவிதழையும் பையிலிட்டு உறையவைத்தால் பருவம் தப்பிய மாதங்களிலும் கைக்கு வரும்.

டேனின் நிறைந்த இலைகளைத் துணியில் பரப்புவதற்கு முன் அன்னபேதி நீரில் முக்கி எடுப்பது அச்சின் கோட்டைக் கூர்மையாக்கும். ஒரு லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் வரை போதும். ஐந்து பத்து நிமிடம் ஊறிய இலையை எடுத்து, சொட்டாத அளவுக்குப் பழந்துணியில் ஒற்றியெடுக்க வேண்டும். அளவு கூடினால் கறுப்பு கூடுமே என்று நினைப்பவர்கள் உண்டு. கூடுதல் இரும்பு, பட்டுத் துணியையும் பருத்தியையும் நாளடைவில் இற்றுப்போகச் செய்யும், அச்சின் ஓரத்தையும் கலைக்கும். கடையில் அன்னபேதி கிடைக்காவிட்டால், துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் நீரிலிட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்கவைத்து வடித்த நீரைப் பயன்படுத்தலாம். துணியில் கையால் ஓவியம் தீட்டும் கலம்காரிக் கலைஞர்கள் கறுப்புக் கோடு வரைவது இத்தகைய நீரால்தான். அதன் வலிமை ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால் சிறு துண்டுத் துணியில் பார்த்துவிட்டே பெரிய துணிக்குப் போக வேண்டும். செண்டுமல்லி, காஸ்மோஸ், வெங்காயத்தோல் ஆகியவற்றை இரும்பில் முக்கக் கூடாது.

துணிக்கு என்ன வேண்டும்

இலைக்கு ஏற்ற துணி இல்லாமல் மேற்சொன்ன எதுவும் பயன் தராது. பட்டு எளிது, பருத்தி கடினம். பாலியஸ்டர் கலந்த துணி இதற்கு ஆகாது. பட்டு என்று சொல்லி விற்கும் மலிவுத் துணியின் ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால், உருகி உருண்டையானால் செயற்கை இழை, முடி கருகும் வாடை வந்தால் பட்டு. பருத்திக்குக் கதர்க் கடைகளிலும் கோ-ஆப்டெக்ஸிலும் கிடைக்கும் சாயமேற்றாத கைத்தறித் துணி ஏற்றது. காடாத் துணியும் ஆகும், ஆனால் கஞ்சியும் இயற்கை மெழுகும் போகச் சலவை சோடா இட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து அலச வேண்டும்.

பருத்திக்கு முதலில் கடுக்காய், பிறகு படிகாரம். துணியின் உலர்ந்த எடை 100 கிராம் என்றால், 15 முதல் 20 கிராம் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கரைத்து ஓரிரவு ஊறவைத்து, பிழிந்து நிழலில் உலர்த்தி, அதன்பின் 15 கிராம் படிகாரத்தைக் கொதிநீரில் கரைத்து ஆறவிட்ட நீரில் சில மணி நேரம் ஊறவைக்க வேண்டும். கடுக்காய் துணிக்கு இளமஞ்சள் சாயல் தரும். வெண்மையான பின்னணி வேண்டுவோர் மாசிக்காயைப் பயன்படுத்தலாம். பட்டுக்குக் கடுக்காய் தேவையில்லை. படிகாரம் மட்டும் 10 முதல் 15 கிராம், நீர் கொதிக்கக் கூடாது. அரசிலையை வெண்ணிறமாக மறைக்கும் முறைக்கு மட்டும் பட்டிலும் கடுக்காய் வேண்டும்.

ஈரம் உலராத துணியின்மேல் இலையின் அடிப்புறம் படுமாறு பரப்ப வேண்டும். நரம்புகள் புடைத்து நிற்பதும், பெரும்பாலான மரங்களில் இலைத்துளைகள் அதிகம் இருப்பதும் அந்தப் பக்கம்தான். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளோ பழந்துணியோ இட்டு, மூங்கிலிலோ குழாயிலோ காற்று புகாதபடி இறுக்கிச் சுருட்டி, பருத்திக் கயிற்றால் நெருக்கமாகக் கட்ட வேண்டும். இந்த இறுக்கத்தில் சலுகை காட்டினால் இலை நகர்ந்துவிடும். பழைய இட்லிப் பானையில், சுருள் நீரைத் தொடாமல், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆவியில் வேகவைத்து, அடுப்பை அணைத்தபின் ஓரிரவு ஆறவிட்டுப் பிரிக்கலாம். சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். நீர் வற்றாமல் இடையிடையே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிரித்த துணியை உடனே சோப்பில் போடாமல், இலைகளை உதிர்த்துவிட்டு நிழலில் உலர்த்தி, ஒரு வாரம் கழித்துப் பூந்திக்கொட்டை நீரிலோ காரமில்லாத திரவச் சோப்பிலோ மென்மையாக அலச வேண்டும். புளி, எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்புகள் இரும்பின் கறுப்பைக் கரைத்துவிடும் என்பதால், இந்தத் துணியை உடுத்திச் சாம்பார் பரிமாறுபவர்கள் சிந்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். வெந்த வாதுமை இலையையும் எறிய வேண்டாம். இரண்டாம் முறை வைத்தாலும், பட்டில் மட்டும், மங்கிய அச்சு ஒன்று கிடைக்கும்.